யார் போட்ட கணக்கு?

வீட்டில் கால்குலேட்டர் இருக்கிறதா? செல்போனில் இருப்பது வேண்டாம். மளிகைக்கடைக் கல்லாவில் பார்ப்போமே, பெரிய பெரிய பட்டன்களோடு, அந்த மாதிரி ஒன்று. இருந்தால் எடுத்து வாருங்கள். காத்திருக்கிறேன்.

வந்தாச்சா? 2 அமுக்குங்கள். கூட்டல். 3. பெருக்கல். 4. இப்போது சமக்குறி.

20 வந்திருக்கும்.

பையனோ பெண்ணோ இன்ஜினீயரிங் படித்தால், அந்தப் பையில் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் கிடக்கும். அதையும் எடுங்கள். அதே பட்டன்கள், அதே வரிசை. 14 என்று காட்டும்.

இரண்டில் எது சரி?

பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தவர்கள் உடனே கை தூக்கி, "பதினாலுதான் சார்! முதல்ல பெருக்கல், அப்புறம்தான் கூட்டல்" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் கல்லாப்பெட்டிக் கால்குலேட்டர் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். நீங்கள் 2 என்றீர்கள், அதோடு 3 என்றீர்கள். அது 5 என்று வைத்துக்கொண்டது. அடுத்து நீங்கள் பெருக்கச் சொல்லப் போகிறீர்கள் என்று அதற்கு ஜோசியமா தெரியும்? பெருக்கச் சொன்னீர்கள், இருந்த 5-ஐப் பெருக்கியது. சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்தது, அவ்வளவுதான். சயின்டிஃபிக் அப்படியில்லை. நீங்கள் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, இலக்கணம் பார்த்துப் போடும்.

சரி, இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 2 டீ, சாயங்காலம் 3 டீ, ஒரு டீ 4 ரூபாய் (அந்தக் காலத்து டீ). மொத்தம் 20 ரூபாய். கல்லாப்பெட்டிக் கால்குலேட்டர் சொன்னது சரி. 2 ரூபாய்க்கு ஒரு பிஸ்கட், 4 ரூபாய் வீதம் 3 டீ. மொத்தம் 14, சயின்டிஃபிக் சொன்னது சரி. நம் மனதில் இருந்தது டீயா, பிஸ்கட்டா என்பது இரண்டு மெஷினுக்குமே தெரியாது. நாம் சொல்லவும் இல்லை.

இன்னொரு விளையாட்டு. 1-ஐ 3-ஆல் வகுத்து, வந்ததை 3-ஆல் பெருக்குங்கள். எட்டு இலக்கத் திரை உள்ள மலிவான கால்குலேட்டரில் பெரும்பாலும் 0.9999999 என்று வரும். சயின்டிஃபிக்கில் 1 என்று பளிச்சென்று வரும். "பார்த்தீங்களா, விலைக்குத் தகுந்த வேலை" என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முழுதாக எழுத எந்த மெஷினாலும் முடியாது. எங்கேயாவது வெட்டியாக வேண்டும். மலிவானது, "நான் வெட்டிட்டேன்" என்பதைத் திரையிலேயே காட்டிவிடுகிறது. விலை உயர்ந்தது, திரையில் தெரிவதைவிடக் கூடுதலாகச் சில இலக்கங்களை உள்ளே மறைத்து வைத்திருந்து, கடைசியில் அதை ரவுண்டு செய்து 1 என்கிறது. விடை சரி. ஆனால் நடுவில் ஒரு தட்டித்தேற்றல் நடந்ததை அது நம்மிடம் சொல்லவில்லை. இரண்டில் எது யோக்கியம் என்று கேட்டால் நான் கல்லாப்பெட்டி பக்கம்தான் நிற்பேன்.

இதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாக ஏன் சொல்கிறேன் என்றால், 8,000 ரூபாய் விவகாரம் ஒன்று இருக்கிறது.

2001-ஆம் வருஷம். பி.காம் முடித்துவிட்டு, பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன்னால், தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் ஒரு ஆடிட்டரிடம் எடுபிடியாக இருந்தேன். ஜவுளிக்கடை ஒன்றின் கணக்கு எங்களிடம். அந்தத் தீபாவளிக்கு முதலாளி புதிதாக ரெடிமேட் கவுன்டர் ஒன்று போட்டிருந்தார். கொள்முதல் 96,000 ரூபாய். பத்தொன்பது இருபது வயசுப் பையன் ஒருவனிடம் அந்தக் கவுன்டரைக் கொடுத்து, "வாங்கின விலைக்கு மேல இருபத்தஞ்சு பர்சென்ட் போட்டு சீட்டு ஒட்டுடா" என்று சொல்லியிருக்கிறார். அவனும் ஒட்டினான். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரிக்குள் கவுன்டர் காலி. வசூல் 1,20,000.

தீபாவளி கழிந்த மறுவாரம் நான் போனபோது முதலாளியின் முகம் சரியில்லை. "தம்பி, இங்க வா. தொண்ணூத்தாறாயிரம், அதுக்கு மேல இருபத்தஞ்சு பர்சென்ட். போடு" என்றார். என் கால்குலேட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. அவர் மேஜையில் இருந்ததையே இழுத்துப் போட்டேன். 96,000. கூட்டல். 25. பர்சென்ட்.

1,28,000.

"எட்டாயிரம் எங்க?" என்றார் முதலாளி. என்னைப் பார்த்து அல்ல. பையன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மொதலாளி, கால்வாசின்னா இருபத்து நாலாயிரம்தானே..." அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை. "மெஷின் பொய் சொல்லுமாடா? ஆடிட்டர் ஆபீஸ் தம்பியே போட்டுப் பாத்துருச்சு" என்றார். நான் திரையைப் பார்த்தேன். இன்னொரு தடவை அமுக்கினேன். மறுபடியும் 1,28,000. "ஆமா அண்ணாச்சி, எட்டாயிரம் இடிக்குது" என்றேன்.

அன்று சாயங்காலமே பையனை அனுப்பிவிட்டார்கள். போலீஸ் கீலீஸ் என்று போகவில்லை. பாக்கிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பினார்கள். சின்ன ஊர். ஜவுளிக்கடைகள் எல்லாம் ஒரே தெருவில். ஒரு கடையில் கை வைத்தான் என்று பேர் வந்தால், அடுத்த கடை வாசலில்கூட நிற்க முடியாது.

என்ன நடந்தது என்று உங்களில் வியாபாரம் செய்பவர்கள் இந்நேரம் பிடித்திருப்பீர்கள். பையன் கவுன்டரில் வைத்திருந்தது சாதாரணக் கால்குலேட்டர். 480 ரூபாய்ச் சட்டைக்கு 25 பர்சென்ட் கூட்டினால் 600 என்று காட்டும். முதலாளி மேஜையில் இருந்தது வேறு ஜாதி. சில மேஜைக் கால்குலேட்டர்கள் 'கூட்டல், 25, பர்சென்ட்' என்றால், 'விற்கிற விலையில் 25 பர்சென்ட் லாபம் நிற்க வேண்டும்' என்று புரிந்துகொள்ளும். அப்போது 480 ரூபாய்ச் சட்டையை 640-க்கு விற்றாக வேண்டும். 640-இல் கால்வாசி 160, கழித்தால் 480. இதுவும் சுத்தமான கணக்குதான், வியாபாரத்தில் தினமும் புழங்குகிற கணக்குதான். இதற்கென்றே சில கால்குலேட்டர்களில் 'எம்.யூ.' என்று தனியாக ஒரு பட்டனே உண்டு. வாங்கின விலை மேல் லாபமா, விற்ற விலை மேல் லாபமா என்ற வித்தியாசத்தை பி.காமில் எனக்குப் பாடமாகவே நடத்தியிருந்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஆபீசில் உட்கார்ந்து, புதுப் பேட்டரி போட்ட என் கால்குலேட்டரில் அதே கணக்கைப் போட்டபோது 1,20,000 என்று வந்தது. முதலில் என்னுடையதுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன் என்றால் நம்புவீர்களா? அப்புறம்தான் பேப்பரை எடுத்தேன். 96-இல் கால்வாசி 24. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

ஆடிட்டரிடம் சொன்னேன். "பார்ட்டியோட கால்குலேட்டர்ல எதுக்குய்யா போட்டே?" என்று மட்டும் கேட்டார். கடைக்கு ஓடினேன். முதலாளி தானே இரண்டு கால்குலேட்டரிலும் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி விடு தம்பி. அவன் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிடறேன்" என்றார். அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது. மற்ற பையன்களிடம் விசாரித்ததில் அவன் ஊர்ப் பெயர் கிடைத்தது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

நான் போகவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் டீ, பிஸ்கட் என்று இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தப்பு யார் மேல்?

மெஷின் மேல் போட முடியுமா? அது தன்னைச் செய்தவர்கள் சொல்லிக்கொடுத்தபடி நடந்தது. முதலாளி? தன் மெஷின் சொன்னதை நம்பினார், அதற்கு மேல் ஆடிட்டர் ஆபீஸ் ஆளையும் கேட்டார். ஒரு கடைக்காரர் வேறு என்ன செய்வார்? ஆக, நான். ஆனால் என் தப்பு என்ன? நான் பொய் சொல்லவில்லை. கணக்கில் திருத்தம் செய்யவில்லை. திரையில் வந்ததை வாசித்தேன். பல வருஷங்கள் இந்த இடத்தில்தான் எனக்கு நானே ஜாமீன் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜாமீன் செல்லாது. முதலாளி என்னிடம் கேட்டது திரையை வாசிக்கச் சொல்லி அல்ல. அது அவருக்கே தெரியும். சரிபார்க்கச் சொன்னார். நான் அதே மெஷினில் அதே பட்டனை இரண்டாம் தடவை அமுக்கினேன். ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றினால் இரண்டு சாட்சி ஆகிவிடுமா? அந்த அறையில் வேறொரு சாட்சி இருந்தது. பையனின் 'கால்வாசி'. அதை நான் கேட்கவும் செய்தேன். ஆனால் அது கதவோரம் நின்ற ஒரு பையனின் வாயிலிருந்து வந்தது. எதிரே இருந்ததோ ஒளிர்கிற திரை. வாயையும் திரையையும் எடை போட்டுத் திரையை எடுத்துக்கொண்டேன்.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல, புது வியாதியும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவர், மனிதர்கள் கையால் போட்ட வானியல் அட்டவணைகளில் தப்புக்கு மேல் தப்பு வருவதைப் பார்த்து வெறுத்துப்போய், கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். இரண்டு தடவை பார்லிமென்ட் உறுப்பினர்கள் அவரிடம் வந்து, 'தப்பான எண்களைப் போட்டால்கூட இந்த மெஷினில் சரியான விடை வருமா?' என்று விசாரித்தார்களாம். எப்படிப்பட்ட குழப்பத்திலிருந்து இப்படி ஒரு கேள்வி பிறக்கும் என்று தனக்கு விளங்கவே இல்லை என்று, 1864-இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எனக்கு விளங்குகிறது. அந்த உறுப்பினர்கள் என் சொந்தக்காரர்கள்.

1972-இல் எச்.பி. நிறுவனம் எச்.பி.-35 என்று ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டரை வெளியிட்டது. சட்டைப் பையில் வைக்கும் அளவு. விலை 395 டாலர். அதில் ஒரு விசேஷம், சமக்குறிப் பட்டனே கிடையாது! 2, 3, 4 என்று எண்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கிவிட்டு, பிறகு 'பெருக்கு', 'கூட்டு' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எது முதலில் என்று அதுவாக முடிவு செய்யாது, உங்கள் தலையில் கட்டிவிடும். பழகப் பல நாள் ஆகும் என்று திட்டியவர்கள் உண்டு. பழகியபின் விடவே மாட்டேன் என்றவர்களும் உண்டு. எனக்கு அந்த மெஷின் மேல் ஒரு மரியாதை. டீயா பிஸ்கட்டா என்று கேட்காமல் அது விடை தருவதில்லை.

மற்ற கம்பெனிகள் நம் வேலையைக் குறைக்கும் வழியில் போயின. 1985-இல் காசியோ ஒரு படி மேலே போய், வரைபடமே வரைந்து காட்டும் கால்குலேட்டரைக் கொண்டுவந்தது. கிராஃபிங் கால்குலேட்டர் என்று பெயர். நம் பிள்ளைகளில் பலர் இதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே நெடுங்காலம் பிளஸ் டூவரை பெரும்பாலும் லாகரிதம் டேபிளும் கையும்தான் புழக்கத்தில் இருந்தன. அமெரிக்காவில் இது பள்ளிக்கூடப் பையில் கிடக்கும் சாமான். அங்கே 'ஏ.பி. கால்குலஸ்' தேர்வில் 1995-லிருந்து ஒரு பகுதிக்கு இது இல்லாமல் உட்காரவே முடியாது. நம் சி.ஏ. தேர்விலோ ஆறு செயல், 12 இலக்கம், இரண்டு மெமரிக்கு மேல் போன கால்குலேட்டரை உள்ளே கொண்டுபோனால் முறைகேடு. ஒரு நாட்டில் கட்டாயம், இன்னொரு நாட்டில் குற்றம். கருவியில் தர்மம் அதர்மம் கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

கிராஃபிங் கால்குலேட்டரில் எனக்கு ஒரு பயம் உண்டு. எண் வந்தால் நமக்கு லேசாகவாவது சந்தேகம் வரும். படம் வந்தால்? கண்ணால் பார்த்ததாயிற்றே! அமெரிக்கப் பள்ளிகளில் அதிகம் புழங்கிய டி.ஐ.-84 பிளஸ் மாடலின் திரையில் மொத்தம் 96-க்கு 64 புள்ளிகள்தான். அவ்வளவு புள்ளிகளுக்குள்தான் எந்த வளைகோடும் வளைய வேண்டும். எக்ஸ் ஸ்கொயரோடு 0.01-ஐக் கூட்டி ஒரு படம் போடச் சொல்லுங்கள். அதே எக்ஸ் ஸ்கொயரிலிருந்து 0.01-ஐக் கழித்து இன்னொரு படம். கழித்தது நடுக்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டிப் போகும். கூட்டியது நடுக்கோட்டைத் தொடவே தொடாது. விடை இருக்கிறது, விடை இல்லை என்று நேர் எதிரான இரண்டு கணக்கு. ஆனால் வழக்கமான, மைனஸ் 10-லிருந்து பிளஸ் 10 வரை காட்டும் திரையில் இரண்டும் ஒரே படமாகத் தெரியும், நடுக்கோட்டில் அழகாக உட்கார்ந்திருக்கும். கிட்டே போய்ப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால்தான் உண்மை தெரியும். அந்தத் 'தோன்றுவது' இருக்கிறதே, அதற்கு எந்த மாடலிலும் பட்டன் வைக்கவில்லை.

போதாததற்கு, ஒரே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் இரண்டு மாடல்களே ஒத்துப்போவதில்லை. 6-ஐ 2-ஆல் வகுத்து, பெருக்கல் குறி போடாமல், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1 கூட்டல் 2 என்று எழுதினால், டி.ஐ.-82 மாடல் 1 என்கிறது. அடுத்து வந்த டி.ஐ.-83 மாடல் 9 என்கிறது. ஒட்டி நிற்கும் பெருக்கலுக்கு முன்னுரிமை உண்டா இல்லையா என்பதில் கம்பெனி மனதை மாற்றிக்கொண்டுவிட்டது. மாற்றிக்கொள்ளட்டும். இரண்டு மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு அது எப்படித் தெரியும்?

"அதனாலதான் சார் சொல்றோம், அந்தக் காலத்துல வாய்க்கணக்கு..." என்று யாரோ ஆரம்பிப்பது கேட்கிறது. பெரியவர்களே, மன்னிக்கணும். வீசம், மாகாணி, அரைக்கால் எல்லாம் மனப்பாடமாகச் சொன்ன கணக்குப்பிள்ளைகளால் நிலம் இழந்தவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. வாய்க்கணக்கும் நம்பிக்கைதான், மெஷினுக்குப் பதில் மனிதரை நம்புவது. லாகரிதம் டேபிள் என்ன வாழ்ந்தது? அதில் இருந்த எண்ணை யார் போட்டார், எப்படிப் போட்டார் என்று ஒரு நாளாவது கேட்டோமா? ஒன்றையும் நம்பாமல் எல்லாவற்றையும் நாமே போட்டுப் பார்ப்பது என்று கிளம்பினால், காலையில் காய்கறி வாங்கி முடிக்கவே சாயங்காலம் ஆகிவிடும்.

அதனால் நம்பலாமா கூடாதா என்பது என் கேள்வி இல்லை. காய்கறிக்காரம்மாவைப் பாருங்கள். இப்போது அவரிடமும் ஒரு குட்டிக் கால்குலேட்டர் இருக்கிறது. தக்காளி, வெங்காயம், கத்திரிக்காய் என்று அமுக்கிக்கொண்டே போய், ஒரு தடவை 1,140 என்று வந்ததும், "அட, இருக்காதே!" என்றார். எங்கேயோ ஒரு பூஜ்யம் கூட விழுந்திருந்தது. அமுக்குவதற்கு முன்பே அவர் மனதில் நூத்திச் சொச்சம் என்று ஒரு விடை இருந்தது. மெஷின் அதைத் துல்லியமாக்கித் தரத்தான் இருந்தது. அந்த மேஜை முன்னால் என் மனதில் எந்த விடையும் இல்லை. திரை காலியாக இருந்தது போலவே நானும் காலியாக இருந்தேன். அதில் 1,28,000 வந்து உட்கார்ந்தது. 12,80,000 என்று வந்திருந்தால் மட்டும்தான் திடுக்கிட்டிருப்பேனோ என்னவோ.

அறியாமை ஒரு குற்றமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எனக்கு இருந்தது அறியாமை இல்லை. தெரிந்ததை அந்த நிமிஷம் எடுத்துப் பார்க்காதது. அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று யோசிக்கிறேன். சோம்பல் என்றால் சின்னதாக இருக்கிறது, துரோகம் என்றால் பெரிதாக இருக்கிறது.

அந்தப் பையனுக்கு இப்போது என் வயசு இருக்கும், ஒன்றிரண்டு குறையலாம்.

போன மாதம் வீட்டுக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கப் போனேன். கடைக்காரர் மூன்று நான்கு மாடல்களைப் பரப்பினார். ஒவ்வொன்றாக எடுத்து 96,000, கூட்டல், 25, பர்சென்ட் என்று அமுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவதை அமுக்கும்போது அவர், "பேட்டரி எல்லாம் புதுசு சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, நான்காவதையும் எடுத்தேன்.